முதியோர் குடியிருப்பைப் புதுப்பிக்கும் முன் குடியிருப்போரைக் கேட்பது: ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் குறைந்த வருமானம் உள்ள முதியோருக்கென்று வீடு கட்டுவதற்கு, 1959-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் நடுவண் அரசு தனியாக ஒரு பிரிவைச் சேர்த்தது. ‘பிரிவு 202’ என்று இன்றும் அழைக்கப்படும் அந்தத் திட்டத்தின் கீழும், நகர வீட்டுவசதி ஆணையங்களின் பொதுக் குடியிருப்புத் திட்டங்களின் கீழும் அடுத்த சில பத்தாண்டுகளில் ஏராளமான அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. இன்றைய விதிகளின்படி 62 வயது நிரம்பியவர்கள் அவற்றில் குடியேறலாம். தங்கள் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகத் தருகிறார்கள். எஞ்சிய செலவுக்கு அரசு உதவித்தொகை வருகிறது. அன்று புதிதாக நின்ற அந்தக் கட்டடங்களில் இன்று குழாய்கள் துருப்பிடித்துக் கசிகின்றன, லிஃப்ட்டுகள் அடிக்கடி நின்றுபோகின்றன. நிலநடுக்கத்தையும் தீயையும் தாங்குவதற்கு இன்று கேட்கப்படும் பாதுகாப்பு பலவற்றில் இல்லை. எனவே அவற்றைப் பழுதுபார்ப்பதா, உள்ளே முழுவதையும் பெயர்த்துப் புதுப்பிப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி ஊருக்கு ஊர் எழுந்துகொண்டே இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் இடத்தில் கட்டடத்தின் உரிமையாளர், கடன் தரும் வங்கி, வரிச்சலுகை வழங்கும் அரசுத் துறை, கட்டடக் கலைஞர், ஒப்பந்ததாரர் ஆகியோர் தவறாமல் இருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் இருபது, முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவருபவர் பெரும்பாலும் கடைசியாக அழைக்கப்படுகிறார். குடியிருப்போர் பங்கேற்பு என்ற கருத்து இந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. அதற்கு இரண்டு பாதிகள் உண்டு. கட்டடத்தை என்ன செய்வது என்று முடிவாவதற்கு முன்பே, அந்த முடிவை உண்மையில் மாற்றக்கூடிய கட்டத்தில், அங்கு வாழ்பவர்கள் தங்கள் கருத்தைச் சொல்வது முதல் பாதி. அந்தக் கருத்தை ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் தரும் கடமை உரிமையாளருக்கு இருப்பது இரண்டாம் பாதி. முடிந்துபோன திட்டத்தைப் படம் காட்டி விளக்குவதும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தேநீர் கொடுத்து அனுப்புவதும் இவற்றில் எதிலும் சேரா.

எல்லா வயதினருக்கும் இது பொருந்தும் என்றாலும் முதியோர் விஷயத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்த விரும்புவதும் அதையே. முப்பது வயதில் ஒருவர் மூன்று ஆண்டு வேறிடத்தில் தங்கிவிட்டுப் புதிய வீட்டுக்குத் திரும்பினால் அது அவருக்குச் சிரமம்; எண்பத்தைந்து வயதானவருக்கோ அந்த மூன்று ஆண்டு எஞ்சியிருக்கும் வாழ்நாளாகவே இருக்கலாம். எனவே முதியோர் குடியிருப்பின் மறுகட்டுமானத்தில் கட்டடத்தின் தோற்றத்தைவிட, யார் எப்போது எங்கே மாறுவார், எப்போது திரும்புவார் என்பதே முதன்மையான திட்டமிடல் பிரச்சினை. குடியிருப்போரின் கருத்துக்கு மிகுந்த எடை கிடைக்க வேண்டிய இடமும் அதுவே.

சான் பிரான்சிஸ்கோவின் இரண்டு பாடங்கள்

இந்தக் கருத்து எப்படிப் பிறந்தது என்பதைப் புரிந்துகொள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் நல்ல இடம். அந்நகரின் மார்க்கெட் வீதிக்குத் தெற்கே, 1960-களில், நம்மூர் மேன்சன்களைப் போன்ற மாத வாடகை விடுதிகள் நிறைந்திருந்தன. ஓய்வுபெற்ற கப்பல் தொழிலாளர்களும் பழைய ஆலைத் தொழிலாளர்களும், பெரும்பாலும் தனியாக வாழ்ந்த முதிய ஆண்கள், அவற்றில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். மாநாட்டு அரங்கம், அலுவலகங்கள், தங்கும் விடுதிகள் என்று பெருந்திட்டம் ஒன்றை நகர மறுவளர்ச்சி முகமை அங்கே வகுத்தது. யெர்பா புவேனா என்று பெயரிடப்பட்ட அத்திட்டம் சுமார் 87 ஏக்கரை உள்ளடக்கியது; அங்கிருந்த விடுதிகள் வெறும் பாழடைந்த கட்டடங்களாகவே அதிகாரிகளின் கணக்கில் இருந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருந்தது. எங்கே போவார்கள் என்பதற்கு நம்பத்தக்க பதில் இல்லை.

1969-இல் அந்த முதியவர்கள் சங்கம் அமைத்தார்கள். மறுவளர்ச்சியை எதிர்க்கும் வாடகைதாரர், உரிமையாளர் சங்கம் என்ற பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ‘டூர்’ என்று அழைக்கப்பட்டது. அதன் தலைவர் ஜார்ஜ் வுல்ஃப், எண்பது வயதை எட்டிய பழைய தொழிற்சங்கத் தலைவர். கூட்டம் நடத்தவும் தீர்மானம் எழுதவும் பேரம் பேசவும் வாழ்நாள் முழுதும் கற்றிருந்த தொழிற்சங்கக்காரர்கள் பலர் அந்த விடுதிகளில் இருந்தார்கள் என்பதை முகமை கணக்கில் எடுக்கவில்லை. ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர்கள் துணையோடு அவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். வெளியேற்றப்படுவோருக்கு, அவர்களால் வாடகை தர முடிந்த, பாதுகாப்பான, தகுதியான மாற்று வீடு தரவேண்டும் என்று 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் கூறியிருந்தது. அந்த வரிதான் அவர்களுடைய பிடிமானம். 1970-இல் நீதிபதி ஸ்டான்லி வைகல் தடையுத்தரவு பிறப்பித்தார்.

நீண்ட இழுபறிக்குப் பிறகு 1973-இல் உடன்பாடு ஏற்பட்டது. மாற்று வீடுகளுக்கு நகரம் ஒப்புக்கொண்டது என்பதோடு, திட்டப் பகுதிக்குள்ளேயே சில மனைகளில் குறைந்த வாடகை வீடுகளை அந்தச் சங்கமே கட்டிக்கொள்ளலாம் என்பதும், அதற்குப் பயணிகள் தங்கும் விடுதிகள் மீது நகரம் விதிக்கும் வரியிலிருந்து நிதி வரும் என்பதும் அதில் இடம்பெற்றன. அதைச் செய்வதற்காக அவர்கள் தொடங்கிய லாப நோக்கற்ற நிறுவனம் ‘டாட்கோ’. ஜார்ஜ் வுல்ஃப் 1972-இலேயே இறந்துவிட்டதால் உடன்பாட்டைக் காணவில்லை. 1979-இல் திறக்கப்பட்ட முதல் முதியோர் குடியிருப்புக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். வெளியேற்றப்பட இருந்தவர்களின் அமைப்பே கட்டுமான நிறுவனமாக மாறியது என்பதைப் பங்கேற்பின் வரலாற்றில் நான் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன். அதே நேரத்தில் அந்தப் பத்தாண்டு காலத்தில் வெளியேறியவர்களும் இறந்தவர்களும் பலர் என்பதையும் மறக்கலாகாது. வழக்கு போட்டுப் பெறும் பங்கேற்பு மெதுவாகவே வரும்; முதியோருக்கு அந்த மெதுவே இழப்பு.

இரண்டாவது பாடம் அதே நகரில் சில வீதிகள் தள்ளி, கியர்னி வீதியில் நடந்தது. இன்டர்நேஷனல் ஹோட்டல் என்ற விடுதியில் பிலிப்பைன்ஸிலிருந்தும் சீனாவிலிருந்தும் இளவயதில் வந்து, கலிபோர்னியாவின் வயல்களிலும் மீன் பதனிடும் ஆலைகளிலும் உணவகங்களிலும் உழைத்து முதுமையடைந்த ஆண்கள் வாழ்ந்தார்கள். கட்டடத்தை இடிக்கும் முயற்சி 1968-இல் தொடங்கியது. குடியிருப்போரும் மாணவர்களும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டு அதைத் தடுத்து நிறுத்தினார்கள்; வெளியேற்ற ஆணையை நிறைவேற்றத் தயங்கிய ஷெரிஃப் (நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரி) ரிச்சர்ட் ஹொங்கிஸ்டோ நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கே போனார். ஆனாலும் 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில், ஆயிரக்கணக்கானோர் கைகோத்து அரண்போல் நின்றிருந்தபோது, காவலர்கள் உள்ளே புகுந்து எஞ்சியிருந்த முதியவர்களை வெளியேற்றினார்கள். கட்டடம் இடிக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே எதுவும் எழவில்லை. இருபது ஆண்டுக்கும் மேலாக அந்த மனை வெறும் பள்ளமாகக் கிடந்தது. தொடர்ந்த போராட்டத்தின் பயனாக 2005-இல் அதே இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குறைந்த வாடகை முதியோர் குடியிருப்பு திறக்கப்பட்டது.

நல்ல கட்டடம்தான், அதன் கீழ்த்தளத்தில் பழைய விடுதியின் நினைவைப் பேணும் மையமும் உண்டு. ஆனால் 1977-இல் எழுபது வயதாக இருந்தவர் 2005-இல் தொண்ணூற்றெட்டு வயதாக இருப்பார். புதிய கட்டடம் கிடைத்தது, பழைய குடியிருப்போர் அதற்குள் திரும்பி வரும் வாய்ப்பு ஏறக்குறைய முற்றிலும் போயிற்று. மறுகட்டுமானம் வெற்றியா தோல்வியா என்பதை வீடுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இன்று சட்டம் தரும் உரிமைகள்

அந்தக் காலப் போராட்டங்களைச் சந்தித்த அரசு, 1970-இல் சீரான இடமாற்ற உதவிச் சட்டத்தை இயற்றியது. நடுவண் அரசின் பணம் கலந்த திட்டத்தால் ஒருவர் வீட்டை விட்டு நிரந்தரமாக வெளியேற வேண்டுமானால் அவருக்குப் போதிய முன்னறிவிப்பு, பொதுவாகக் குறைந்தது 90 நாள், தரப்பட வேண்டும். ஒப்பிடத்தக்க மாற்று வீடு காட்டப்பட வேண்டும். மாறும் செலவு ஈடுசெய்யப்பட வேண்டும். இது அடிப்படைப் பாதுகாப்பு.

பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்க இன்று பரவலாகப் பயன்படும் வழி, ‘வாடகை உதவி முன்மாதிரித் திட்டம்’ என்று பொருள்படும் ராட். 2012 நிதியாண்டுக்கான சட்டத்தின் வழியாக அது பிறந்தது. 2018-இல் பிரிவு 202 முதியோர் குடியிருப்புகள் சிலவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. நகர ஆணையத்திடம் இருக்கும் பொதுக் குடியிருப்பை நீண்டகால வாடகை உதவி ஒப்பந்தத்துக்கு மாற்றி, அந்த ஒப்பந்தத்தைக் காட்டித் தனியார் கடனையும் வரிச்சலுகைக்காகத் தனியார் போடும் முதலீட்டையும் திரட்டிப் பழுதுபார்ப்பதே அதன் வழிமுறை. சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் பொதுக் குடியிருப்புகளில் ஏறக்குறைய 3,500 வீடுகளை இந்த வழியில் லாப நோக்கற்ற நிறுவனங்களின் பொறுப்புக்கு மாற்றியது. அவற்றில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வாழும் உயரமான கட்டடங்கள் பல.

பொதுக் குடியிருப்பை இப்படி மாற்ற விரும்பும் ஆணையம், விண்ணப்பிப்பதற்கு முன்பே குடியிருப்போருடன் குறைந்தது இரண்டு கூட்டம் நடத்த வேண்டும். அங்கே எழுந்த கேள்விகளையும் தன் எழுத்துப் பதில்களையும் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். பணி முடிந்ததும் பழைய குடியிருப்பவர் திரும்பிவர உரிமை உண்டு. அவருடைய கடன் வரலாற்றையோ வருமானத்தையோ புதிதாக ஆராய்ந்து அவரைத் தள்ள முடியாது. வீடுகளின் எண்ணிக்கையையும், சில விதிவிலக்குகள் தவிர, ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைக்க இயலாது. தற்காலிக இடமாற்றம் 12 மாதத்தைத் தாண்டினால், நிரந்தர இடமாற்ற உதவியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பையும் அவருக்குத் தர வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரச் சட்டத்திலோ புதுப்பிக்கப்பட்ட பொதுக் குடியிருப்புக்குத் திரும்பும் உரிமைக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது.

இதோடு சேர்த்து அறிய வேண்டிய இன்னொன்று, நடுவண் உதவி பெறும் தனியார் குடியிருப்புகளில் குடியிருப்போர் சங்கம் அமைக்கும் உரிமை. துண்டறிக்கை கொடுப்பது, கதவு தட்டிப் பேசுவது, கட்டடத்துக்குள்ளேயே கூட்டம் போடுவது ஆகியவற்றை உரிமையாளர் தடுக்கலாகாது. அழைக்கப்படாமல் நிர்வாகத்தினர் அக்கூட்டத்தில் வந்து உட்காரவும் கூடாது. வாடகை உதவியை நம்பி வாழும் முதியவர் நிர்வாகியின் முகத்துக்கு நேரே குறை சொல்லப் பெரும்பாலும் அஞ்சுவார் என்பதால், இந்தக் கடைசி விதியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

இத்தனை இருந்தும் சட்டம் குறைந்தபட்சத்தையே கேட்கிறது. இரண்டு கூட்டம் என்றால் இரண்டே கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் உரிமையாளர்கள் உண்டு. கூட்டத்தில் சொல்லப்பட்ட கருத்தை ஏற்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. லண்டன் இந்த இடத்தில் ஒரு படி முன்னே சென்றிருக்கிறது: 2018 ஜூலை முதல், மாநகர நிதியைப் பெற்றுச் சமூகக் குடியிருப்புகளை (குறைந்த வாடகை வீடுகளை) இடித்து 150 அல்லது அதற்கு மேற்பட்ட புதிய வீடுகள் கட்டும் திட்டங்களுக்குக் குடியிருப்போரின் வாக்கெடுப்பில் பெரும்பான்மை ஆதரவு தேவை. வாக்கெடுப்புக்கு முன்பே, என்ன கட்டுவோம், என்ன வாடகை, யார் திரும்பலாம் என்ற உறுதிமொழிகளை உரிமையாளர் எழுத்தில் வெளியிட வேண்டியிருக்கிறது. வாக்கைவிட இந்த எழுத்து உறுதிமொழியே அதிகப் பயன் தருவது என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் பின்னாளில் சுட்டிக்காட்டிக் கேட்க அது கையில் இருக்கும்.

எந்தக் கட்டத்தில் கேட்பது

ஒரு மறுகட்டுமானத் திட்டம் பொதுவாக இந்த வரிசையில் நகர்கிறது. முதலில் பொறியாளர்கள் கட்டடத்தின் நிலையை ஆய்வு செய்கிறார்கள். அந்த அறிக்கையை வைத்துப் பழுதுபார்ப்பதா இடிப்பதா என்று உரிமையாளர் தீர்மானிக்கிறார். பிறகு நிதிக்கு விண்ணப்பிக்கிறார்; விண்ணப்பத்தில் எத்தனை வீடு, எவ்வளவு பரப்பு, எந்த மாதத்தில் தொடக்கம், எந்த மாதத்தில் முடிவு என்று எல்லாம் எழுதப்பட்டுவிடும். அதற்குப் பின்னரே விரிவான வரைபடங்கள் வருகின்றன. பெரும்பாலான குடியிருப்போர் கூட்டங்கள் அந்த வரைபடங்களோடுதான் தொடங்குகின்றன. அப்போது கேட்கப்படுவது சுவரின் நிறமும் தரையின் ஓடும் மட்டுமாக இருப்பதில் வியப்பில்லை, மற்றவை ஏற்கெனவே நிதி விண்ணப்பத்தில் உறைந்துவிட்டன.

எனவே பங்கேற்பு தொடங்க வேண்டிய இடம் பொறியாளரின் ஆய்வு. எந்தக் குழாய் எப்போதிலிருந்து கசிகிறது, எந்தச் சன்னலோரம் குளிர்காலத்தில் ஈரம் படிகிறது, எந்த லிஃப்ட் எந்த நேரத்தில் நிற்கிறது, பின்வாசலில் இருட்டிய பிறகு யாரும் நடக்க அஞ்சுவது ஏன் என்பதெல்லாம் ஒருநாள் வந்து பார்த்துச் செல்லும் பொறியாளருக்குப் புலப்படா. அந்த அறிக்கையின் சுருக்கத்தைக் குடியிருப்போர் மொழிகளில் தந்து, அதைப் படித்து விளக்கத் தனி ஆலோசகர் ஒருவரையும் அமர்த்திக் கொடுப்பது நல்ல உரிமையாளர் செய்யும் வேலை. அந்த ஆலோசகரின் சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடலாம். ஆனால் அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதில் குழப்பம் கூடாது. குடியிருப்போர் சங்கமே அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடமாற்றத் திட்டம்

பணி நடக்கும்போது முதியவர் எங்கே இருப்பார் என்பதற்குப் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. அவரவர் வீட்டிலேயே தொடர்ந்து வசித்துக்கொண்டு, பகலில் மட்டும் பொதுக்கூடத்துக்குச் சென்றுவிட்டு இரவில் திரும்புவது முதல் வழி. குளியலறையும் சமையலறையும் மாற்றும் அளவிலான பழுதுபார்ப்புக்கு இது போதும் என்றாலும், தூசியும் இரைச்சலும் மூச்சுக் கோளாறு உள்ளவரை என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். கட்டடத்தின் ஒரு பகுதியைக் காலிசெய்து வேலையை முடித்து, அங்கே அடுத்த பகுதியினரைக் குடியேற்றி, இப்படிச் சுற்றிவருவது இரண்டாவது வழி. எல்லாரையும் வெளியே அனுப்பி, முடிந்ததும் திரும்ப அழைப்பது மூன்றாவது. உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் மூன்றாவது வழியே மலிவானது, விரைவானது. முதியோருக்கு அதுவே மிகக் கொடியது.

இவை தவிர நான்காவது வழியும் உண்டு. வளாகத்தில் வாகன நிறுத்துமிடமோ காலி மனையோ இருந்தால், புதிய கட்டடத்தை முதலில் அங்கே எழுப்பி, அது முடிந்ததும் அனைவரும் ஒரே ஒரு முறை மாறி, அதன் பிறகு பழையதை இடிப்பது. சான் பிரான்சிஸ்கோவின் ஹண்டர்ஸ் வியூ பொதுக் குடியிருப்பைப் புதிதாக்கியபோது, அது முதியோருக்கானது மட்டும் அல்ல என்றாலும், இந்த முறையைத்தான் பின்பற்றினார்கள். காலியாக இருந்த பகுதியில் முதற்கட்டம் எழுந்தது, குடியிருப்போர் வளாகத்தை விட்டுச் செல்லாமலே புதிய வீடுகளுக்கு மாறினார்கள். வாய்ப்பு இருக்கும் இடங்களில் இதையே முதல் தெரிவாக வைக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்கள் கேட்பது முற்றிலும் நியாயம்.

வெளியே போயே ஆக வேண்டும் என்றால், எங்கே என்ற கேள்வி எழுகிறது. வழக்கமான மருத்துவர், மருந்துக்கடை, காய்கறிச் சந்தை, கோயில் அல்லது தேவாலயம், தன் மொழி பேசும் அண்டை வீட்டார் ஆகியவை சேர்ந்ததே முதியவரின் வீடு. கான்டனீஸ் மட்டும் அறிந்த ஒருவரைச் சீனாடவுனிலிருந்து நகரின் மறுகோடிக்கு அனுப்பினால், சதுர அடிக் கணக்கில் அது ஒப்பிடத்தக்க வீடாக இருக்கலாம், அவரைப் பொறுத்தவரை அது தனிமைச் சிறை. ஒருவரையொருவர் நாள்தோறும் கவனித்துக்கொள்ளும் இரண்டு மூன்று வீட்டினரைச் சேர்ந்தே மாற்றுவது, வீட்டுக்கு வந்து உதவும் பணியாளரின் பேருந்து வழித்தடத்தைப் பார்த்து மாற்று வீட்டைத் தேர்வது, பெட்டி கட்டித் தூக்கி வைக்கும் வேலை முழுவதையும் நிறுவனமே ஏற்பது, நினைவாற்றல் குன்றியவரின் அறையில் கட்டிலும் படங்களும் பழைய அறையில் இருந்த வரிசையிலேயே வைக்கப்படுவது என்று இடமாற்றத் திட்டத்தில் எழுத வேண்டியவை பல. இவற்றை ஒரு கூட்டத்தில் கேட்டு அறிய முடியாது. வீடு வீடாகச் சென்று, ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசி, குடும்பத்தினரையும் தேவையானால் சேர்த்துக்கொண்டு எழுத வேண்டும்.

வீட்டின் உட்புறம்

நடுவண் உதவி பெறும் புதிய கட்டடங்களில் குறைந்தது ஐந்து சதவீத வீடுகள் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்கும், இரண்டு சதவீதம் பார்வை அல்லது செவித்திறன் குறைந்தவர்களுக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவைச் சார்ந்த விதிகள் கூறுகின்றன. எல்லா வயதினரும் வாழும் கட்டடத்துக்கு வகுத்த அளவு அது. எண்பதைத் தாண்டியவர்கள் நிறைந்த கட்டடத்துக்கு அது போதாது என்பதை எந்தக் குடியிருப்போர் கூட்டத்திலும் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள். இன்று வாக்கர் இல்லாமல் நடப்பவர் நாளை சக்கர நாற்காலிக்கு வரலாம், அப்போது அவர் வீடு மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே எல்லா வீட்டிலும் கதவு திறந்திருக்கையில் 32 அங்குல இடைவெளி, குளியலறையில் சக்கர நாற்காலி திரும்ப 60 அங்குல வட்டம், இன்று தேவைப்படாவிட்டாலும் பின்னர் கைப்பிடிக் கம்பி பொருத்துவதற்காகச் சுவருக்குள் வலுவான பலகை என்று கேட்பதில் பொருள் உண்டு. கட்டும்போது இதற்கு ஆகும் செலவு சிறிது. கட்டி முடித்த பின் சுவரை உடைத்துச் செய்வதற்கோ பெருஞ்செலவு.

ஆனால் அளவுகளை வரைபடத்தில் காட்டிக் கேட்டால் பதில் வராது. கட்டடக் கலைஞர் அல்லாத எவராலும் தாளில் உள்ள கோடுகளைப் பார்த்துத் தன் உடல் அங்கே எப்படி நகரும் என்று ஊகிக்க இயலாது. பொதுக்கூடத்தின் தரையில் புதிய குளியலறையின் முழு அளவை நாடா ஒட்டிக் காட்டி, நாற்காலியைக் கழிப்பிடமாகவும் மேசையைக் கைகழுவும் தொட்டியாகவும் வைத்து, ஒவ்வொருவரும் தம் வாக்கருடன் உள்ளே சென்று திரும்பிப் பார்க்கச் சொன்னால், அரை நாளில் கிடைக்கும் தகவல் பல மாதக் கூட்டங்களில் கிடைக்காது. நிதி இருந்தால் காலியான ஒரு வீட்டை முதலில் புதுப்பித்து மாதிரி வீடாகத் திறந்துவிடலாம். இதேபோலப் புதுப்பிக்கப்பட்ட வேறொரு குடியிருப்புக்கு அழைத்துச் சென்று, அங்கே வாழ்பவர்களிடம் நிர்வாகிகள் இல்லாமல் பேசவிடுவதும் பயனுள்ளது. அடுப்பின் குமிழ் பின்புறம் இருந்தால் சட்டைக்கை தீயில் படும், மேல் அலமாரி எட்டாது, எல்லாத் தளங்களும் ஒரே நிறத்தில் இருந்தால் பார்வை மங்கியவர் தவறான தளத்தில் இறங்கிவிடுவார், அஞ்சல் பெட்டிகளுக்கு அருகில் ஓர் இருக்கை இருந்தால் அங்கேதான் எல்லாரும் சந்திப்பார்கள் என்பதெல்லாம் இப்படித்தான் வெளிவரும்.

கூட்டத்தை நடத்தும் விதம்

வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைப்பது நகர நிர்வாகங்களின் வழக்கம். முதியோர் பலர் அந்நேரத்தில் அறையை விட்டு இறங்க மாட்டார்கள். முற்பகல் பத்து மணி அவர்களுக்கு ஏற்றது. ஒருவர் பேச இன்னொருவர் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தால் ஒரு மணி நேரக் கூட்டம் மூன்று மணி நேரமாகும், நடுவிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். எனவே காதில் அணியும் கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்ப்பு வேண்டும். பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள், செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒலிபெருக்கி வசதி, இடையில் ஓய்வு ஆகியன அடிப்படைத் தேவைகள். கீழே இறங்க முடியாதவர்களின் கருத்தைக் கேட்க ஒவ்வொரு தளத்திலும் ஒருவர் பொறுப்பேற்று வீடு வீடாகச் செல்ல வேண்டும். அப்படிப் பொறுப்பேற்கும் குடியிருப்பவருக்கு ஊக்கத்தொகை கொடுப்பது முறை, ஏனென்றால் அவர் செய்வது வேலை. ஆனால் அந்தத் தொகை அவர் பெறும் அரசு உதவியைக் குறைத்துவிடாதபடி விதிகளைப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

கூட்டத்துக்கு வருபவர்களின் குரலே எல்லாருடைய குரலும் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. நன்றாகப் பேசத் தெரிந்த ஐந்தாறு பேர் எல்லாக் கூட்டத்திலும் பேசுவார்கள். ஒரு மொழிக் குழுவினர் மிகுதியாக இருந்தால் மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்துவிடுவார்கள். குடியிருப்போருக்குள்ளும் கருத்து வேறுபாடு இருக்கும். சமையலறை பெரிதாக வேண்டும் என்பவரும், அந்த இடத்தைப் பொதுக்கூடத்துக்குக் கொடு என்பவரும் ஒரே கட்டடத்தில்தான் வாழ்கிறார்கள். இதைக் காரணம் காட்டி, ‘இவர்களே ஒத்துப்போகவில்லை’ என்று சொல்லி முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் உரிமையாளர்களை நான் ஏற்கவில்லை. நகர மன்றத்திலும் கருத்து வேறுபாடு உண்டு. அதற்காக அதைக் கலைத்துவிடுவதில்லை.

எல்லாவற்றையும் குடியிருப்போர் தீர்மானிக்க முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே நேராகச் சொல்லிவிட வேண்டும். கடன் எவ்வளவு கிடைக்கும், தீயணைப்பு விதி என்ன கேட்கிறது, வரிச்சலுகை எந்த நிபந்தனையோடு வருகிறது என்பவை பேரத்துக்கு அப்பாற்பட்டவை. எவை முடிவாகிவிட்டன, எவை இன்னும் திறந்திருக்கின்றன, எவற்றில் குடியிருப்போரின் சொல்லே இறுதியானது என்று மூன்றாகப் பிரித்து முதல் கூட்டத்திலேயே எழுத்தில் தரும் உரிமையாளரிடம் முதியவர்கள் கோபப்படுவது குறைவு. எதுவும் முடிவாகவில்லை என்று சொல்லிவிட்டு, மறுமாதம் நிதி விண்ணப்பத்தின் நகலை அவர்கள் செய்தித்தாளில் படிக்க நேர்ந்தால், அதன் பிறகு எத்தனை கூட்டம் வைத்தாலும் நம்பிக்கை திரும்பாது.

இப்படிப்பட்ட அறிவிப்பு கதவில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும் ஒருவர், அவர் குடியிருப்பவராக இருந்தாலும் அவருடைய மகனாகவோ மகளாகவோ இருந்தாலும், முதல் கூட்டத்திலேயே கேட்டுப் பெற வேண்டிய தாள்கள் சில உண்டு: பொறியாளரின் ஆய்வறிக்கை, நிதிக்கு ஏற்கெனவே விண்ணப்பித்தாயிற்றா, ஆயிற்று என்றால் அதன் நகல், திரும்பிவரும் உரிமையை ஒவ்வொரு குடியிருப்பவர் பெயரிலும் எழுதி உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம், இடமாற்றத் திட்டத்தின் வரைவு, பணி முடிந்த பின் வாடகை எப்படிக் கணக்கிடப்படும் என்ற விளக்கம். பணி தாமதமானால் யார் பொறுப்பு, அந்தக் காலத்தில் மாற்று வீட்டின் வாடகை வேறுபாட்டை யார் ஏற்பார் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் குறிப்பைக் குடியிருப்போர் தரப்பிலும் ஒருவர் எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் படித்துக்காட்டி, எது நிறைவேறியது எது நிறைவேறவில்லை என்று கேட்பது வழக்கமாகிவிட்டால், புதிய கட்டடத்தில் குடியேறிய பிறகும் அதே சங்கம் லிஃப்ட் பராமரிப்பையும் வாடகைக் கணக்கையும் அதே முறையில் கேட்டுவரலாம்.